வாட்டர் கூலர் தகராறு: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

வாட்டர் கூலர் மாட்டிய கம்ப்யூட்டர்காரர்கள் எனக்குப் போன் செய்தால் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, லீக் ஆயிருமா?" மதுரையில் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ஆறேழு வருடமாக இந்தப் பெட்டிகளைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். கசிவைக் கண்ணால் பார்த்தது இரண்டே தடவை. மற்றதெல்லாம் தூசி, கழன்ற ஒயர், சரியாக உட்காராத பிளாக், செத்துப்போன பம்ப்.

இதில் சொல்வதெல்லாம் ஏஐஓ (ஆல் இன் ஒன், எல்லாம் சேர்ந்தே வருவது) என்று விற்கும், சீல் வைத்த ரகத்துக்கு. புராசசர் மேல் உட்காரும் பிளாக், பெரும்பாலும் அதற்குள்ளேயே பம்ப், இரண்டு ரப்பர் குழாய், ஃபேன் மாட்டிய ரேடியேட்டர். நம் ஊரில் முழுப் பெட்டியையும் சிபியு என்று சொல்லும் பழக்கம் இருப்பதால், இங்கே சில்லைப் புராசசர் என்றும் பெட்டியைக் கேபினட் என்றும் எழுதுகிறேன்.

## ஸ்க்ரூடிரைவர் எடுப்பதற்கு முன்

எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். புராசசர் வெப்பம், புராசசர் இழுக்கும் வாட், பம்ப்பின் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) ஆகிய மூன்றும் ஒரே திரையில் தெரிய வேண்டும். பிறகு, புராசசருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் ஆர்23 சோதனையைப் பத்து நிமிடம் ஓடவிட்டு இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, வெப்பம் எவ்வளவு ஏறுகிறது என்பதைவிட எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்பது. நொடியில் உச்சிக்குப் போனால் கோளாறு புராசசருக்குப் பக்கத்தில்: பேஸ்ட் (புராசசருக்கும் பிளாக்குக்கும் நடுவே பூசும் பசை), பிளாக், பம்ப். பத்துப் பதினைந்து நிமிடத்தில் மெல்ல ஏறினால் கோளாறு ரேடியேட்டர் பக்கம்: தூசி, ஃபேன், காற்றோட்டம்.

இரண்டு, குழாய்கள். சோதனை ஓடும்போதே பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ஃபேனில் விரல் படாமல் இரண்டு குழாய்களையும் தொட்டுப் பாருங்கள். நல்ல கூலரில் இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும். ஒன்று சுடச்சுட, மற்றது ஜில்லென்று இருந்தால் தண்ணீர் சரியாக ஓடவில்லை. இந்த இரண்டையும் பார்த்துவிட்டால் கீழே எந்தத் தலைப்புக்குப் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

## ஆன் செய்ததும் "சிபியு ஃபேன் எரர்" என்று வந்து நிற்கிறது

கீழே எஃப்1 அழுத்தச் சொல்லும். அழுத்தினால் விண்டோஸ் வந்துவிடும். அதனால் பலர் தினமும் எஃப்1 அழுத்தியே காலத்தை ஓட்டுகிறார்கள்.

முதல் சந்தேகம், ஒயர். மதர்போர்டில் சிபியு ஃபேன் என்று எழுதிய பின்னில் எதுவும் சொருகவில்லை என்றாலே இந்த எரர் வரும். ரேடியேட்டர் ஃபேன்களின் ஒயரை அதில் சொருகுங்கள். பம்ப்பின் ஒயருக்கு ஏஐஓ பம்ப் என்று தனிப் பின் இருந்தால் அதில் போடுங்கள். தனிப் பின் இல்லாத போர்டு என்றால் பம்ப்பை சிபியு ஃபேன் பின்னிலும், ஃபேன்களை வேறு பின்னிலும் போடலாம். சில மாடல்களில் பம்ப்புக்கு மின்சாரம் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கேபினட்டுக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) வரும் சாட்டா ஒயரில் போகும். அந்தச் சொருகி லேசாக வெளியே வந்திருந்தாலும் பம்ப் நின்றுவிடும்.

அடுத்தது பயோஸ், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் போர்டின் செட்டிங்ஸ் திரை. பம்ப் சொருகிய பின்னுக்கு "ஃபுல் ஸ்பீடு" வைக்க வேண்டும். சாதாரண ஃபேன் போல வெப்பத்துக்கு ஏற்றபடி வேகம் மாறும்படி விட்டால் பம்ப்புக்குப் போகும் வோல்ட் குறையும். சில பம்ப்புகள் தொடக்கத்திலேயே திணறும்.

இரண்டும் சரி, ஆனாலும் ஆர்பிஎம் 0 என்றால் வேறொரு பின்னில் மாற்றிச் சொருகிப் பாருங்கள். அங்கும் 0 என்றால் அடுத்த தலைப்பில் உள்ள பம்ப் பகுதிக்குப் போங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பயோஸில் சிபியு ஃபேன் வேகத்துக்கு "இக்னோர்" என்று ஒரு வசதி உண்டு. அதை வைத்தால் எரர் போய்விடும். கூடவே, கண்காணிக்கும் அந்தப் பின்னில் இருப்பது ஒருநாள் நின்றுபோனால் உங்களை எழுப்பிச் சொல்லும் மணியும் போய்விடும். அசெம்பிள் செய்து கொடுத்தவரே இப்படி வைத்துவிட்டுப் போன இரண்டு சிஸ்டங்களைப் பார்த்திருக்கிறேன்.

## சில நொடியிலேயே 90 டிகிரிக்கு மேல் பாய்கிறது

முதலில் வாட்டைப் பாருங்கள். இது கோளாறாகவே இல்லாமல் இருக்கலாம். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பல புராசசர்கள் முழு வேலையில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. இன்டெல் ஐ9 13900கே 253 வாட் வரை இழுக்கும், அதன் எல்லை 100 டிகிரி. போர்டு அந்த வாட் வரம்பை எடுத்துவிட்டால் வாட் இன்னும் மேலே போகும். 250 வாட் இழுத்துக்கொண்டு 95இல் நின்றால் உங்கள் கூலர் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. பயோஸில் பவர் லிமிட்டைக் குறையுங்கள், ரைசன் என்றால் வாட்டைக் குறைக்கும் ஈகோ மோடு போடுங்கள். கேமில் பெரிய வித்தியாசம் தெரியாது.

65, 70 வாட்டிலேயே 95 தொட்டால்தான் வில்லங்கம். தொடர்ந்து படியுங்கள்.

வேலையை நிறுத்தியதும் நொடியில் 50க்கு இறங்குகிறது, குழாய்கள் இரண்டும் ஜில்: பிளாக் புராசசரை ஒட்டி உட்காரவில்லை. புதுசாக மாட்டியதென்றால் பிளாக்கைக் கழற்றி, செம்புத் தகட்டின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தார்களா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், நானே ஒரு தடவை உரிக்க மறந்து, இரண்டு மணி நேரம் பம்ப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

தாள் இல்லையென்றால் ஸ்க்ரூ. நான்கையும் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒரு மூலையை முழுதும் முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் பிளாக் சாய்ந்துவிடும். கழற்றிப் பார்க்கும்போது பேஸ்ட் ஒரு பக்கம் மெல்லியதாகவும் மறுபக்கம் போட்டது போட்டபடியும் இருந்தால் இதுதான் காரணம்.

பழைய கூலரைப் புதுப் போர்டுக்கு மாற்றியிருந்தால் பிராக்கெட்டை (பிளாக்கைப் போர்டோடு பிடித்து நிறுத்தும் சட்டம்) சந்தேகப்படுங்கள். இன்டெல்லின் பழைய 1200 சாக்கெட்டில் (புராசசர் உட்காரும் இடம்) ஸ்க்ரூ துளைகளுக்கு இடையே 75 மி.மீ., 1700 சாக்கெட்டில் 78 மி.மீ. புராசசரின் உயரமும் மாறிவிட்டது. பழைய பிராக்கெட்டை இழுத்துப் பிடித்து மாட்டினால் மாட்டியது போலத்தான் இருக்கும், அழுத்தம் மட்டும் இருக்காது.

எல்லாம் சரி, மூன்று நான்கு வருடம் ஆகிவிட்டது என்றால் பேஸ்ட் காய்ந்திருக்கும். சில நூறு ரூபாய் செலவு. ஒன்று: ரைசன் ஏஎம்4 சாக்கெட்டில் பிளாக்கை நேராக மேலே இழுக்காதீர்கள், புராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். சிஸ்டத்தைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, ஆஃப் செய்து, பிளாக்கை இடமும் வலமுமாகத் திருகி எடுங்கள்.

பிளாக் கொதிக்கிறது, குழாய்கள் பிளாக் அருகில் மட்டும் சூடு, ரேடியேட்டர் ஜில், வேலையை நிறுத்தினாலும் வெப்பம் இறங்க மாட்டேன் என்கிறது: பம்ப் ஓடவில்லை. ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பம்ப் மூடியில் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேளுங்கள். ஓடும் பம்ப் மெலிதாக ரீங்காரம் போடும்.

"லைட் எரியுதுண்ணே, பம்ப் ஓடுது" என்று ஒரு தம்பி அடித்துச் சொன்னான். பம்ப் மேல் வானவில் மாதிரி வண்ண விளக்கு சுற்றிக்கொண்டுதான் இருந்தது. விளக்குக்கு மின்சாரம் வரும் ஒயர் வேறு, பம்ப்புக்கு வரும் ஒயர் வேறு. அவனுடைய பம்ப் எப்போது நின்றதோ தெரியாது. பயோஸ் திரையில் சும்மா இருக்கும்போதே 80 காட்டியது.

பம்ப் செத்தது உறுதி என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். சீல் வைத்த பம்ப்பைப் பிரித்துச் சரிசெய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிரித்த நொடியில் வாரண்டி போய்விடும். நேரே சர்வீஸ் சென்டர்தான்.

## ஒரு குழாய் சுடுகிறது, ஒன்று ஜில், ஆனால் ஆர்பிஎம் சரியாக இருக்கிறது

பம்ப் சுற்றுகிறது, தண்ணீர் நகரவில்லை. காரணம் ஒன்று காற்று, இல்லை அடைப்பு.

காற்று என்றால் செலவில்லை. பம்ப்பை 100 சதவீதத்தில் வைத்து, ரேடியேட்டர் மேலே வரும்படி கேபினட்டை மெல்லச் சாய்த்து, ஓரிரு நிமிடம் பிடியுங்கள். பிறகு மறுபக்கம் கொஞ்சம். சுற்றும் ஹார்ட் டிஸ்க் உள்ளே இருந்தால் அதன் ஒயரை முதலில் கழற்றிவிடுங்கள். குளுக் குளுக்கென்று சத்தம் கேட்டுப் பிறகு அடங்கினால் வேலை முடிந்தது.

சாய்த்தால் சரியாகி, நாலு நாளில் திரும்ப வந்தால் மாட்டிய விதமே தப்பு. காற்று மேலேதான் போகும். பம்ப் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தால் காற்று அதற்குள் போய் உட்காரும். ரேடியேட்டரைக் கேபினட் கூரையில் மாட்டுவது நிம்மதி. முன்பக்கம் மாட்டினால் அதன் மேல் முனையாவது பம்ப்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். அடிப்பக்கம் மாட்டவே மாட்டாதீர்கள், யூடியூபில் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் சரி.

மாட்டிய விதம் சரி, வயது நான்கைந்து வருடம், சாய்த்தும் பயனில்லை என்றால் இரண்டில் ஒன்று. சொட்டுக்கூடக் கசியாமலேயே ரப்பர் குழாய் வழியாக வருடக்கணக்கில் நீர் ஆவியாகிக் குறைந்திருக்கும். இல்லையென்றால் அரிப்பைத் தடுக்கும் மருந்து தீர்ந்து, செம்புத் தகட்டின் மெல்லிய வரிகளுக்குள் சேறு போல அடைத்திருக்கும். பல ஏஐஓக்களில் ரேடியேட்டர் அலுமினியம், தகடு செம்பு. அந்த இரண்டுக்கும் ஆகாது. நீர் குறைந்ததையும் அடைப்பையும் வீட்டில் சரிசெய்ய முடியாது. இந்தக் கூலர்களுக்கு வாரண்டி பெரும்பாலும் 3 முதல் 6 வருடம், பில்லை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

வாரண்டி முடிந்திருந்தால் அடுத்ததும் வாட்டர் கூலர்தான் வேண்டுமா என்று ஒரு தடவை யோசியுங்கள். ஐ5, ரைசன் 5 அளவுக்கு நல்ல டவர் ஏர் கூலர் (தண்ணீர் இல்லாமல் தகடும் ஃபேனும் மட்டும் உள்ளது) தாராளமாகப் போதும். அதில் கெட்டுப்போகக்கூடியது ஃபேன் ஒன்றுதான், அதைத் தெருமுனைக் கடையில் மாற்றிவிடலாம்.

## மெல்ல மெல்ல ஏறி, அரை மணியில் கேம் திக்குகிறது

குழாய்கள் இரண்டும் சூடு, ரேடியேட்டரும் சூடு. தண்ணீர் தன் வேலையைச் செய்கிறது. சூட்டை வெளியேற்றத்தான் வழியில்லை.

எனக்கு வரும் கேஸ்களில் பாதி இதுதான். வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் சுத்தமாகத் தெரியும். ஃபேன் ஸ்க்ரூக்களைக் கழற்றி ஃபேனை எடுத்தால்தான் தெரியும், ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் கம்பளித் துண்டு விரித்தது மாதிரி ஒரு படலம். போன மே மாதம் ஒரு வீட்டில் அதை ஓரத்தில் பிடித்து உரித்தேன், முழுசாக ஒரே தாளாக வந்தது. பூனை வளர்க்கும் வீடு. 92 காட்டிய சிஸ்டம் அதே சோதனையில் 74க்கு வந்தது.

புளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளைப் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்தால் மடங்கிவிடும். திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூவில் கவனம். ஃபேன் 25 மி.மீ. தடிமன், அதற்கான ஸ்க்ரூ 30 மி.மீ. அந்த நீள ஸ்க்ரூவை ஃபேன் இல்லாமல் நேராக ரேடியேட்டரில் முறுக்கினால், தண்ணீர் ஓடும் பாதையைத் துளைத்துவிடும். நான் பார்த்த இரண்டு கசிவுகளில் ஒன்று இப்படித்தான் வந்தது. கூலர் மேல் ஒரு தப்பும் இல்லை.

தூசி இல்லையென்றால் ஃபேன் திசை. ஃபேனில் குறுக்குச் சட்டம் போட்ட பின்பக்கம் வழியாகத்தான் காற்று வெளியே வரும். இரண்டு ஃபேன் எதிரெதிராக ஊதிக்கொண்டிருப்பதும் உண்டு. ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடித்துப் பாருங்கள், தெரிந்துவிடும். கேபினட் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி என்றால், கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதே சோதனையை ஓட்டுங்கள். ஐந்தாறு டிகிரி குறைந்தால் குற்றவாளி கேபினட்.

அப்புறம், அறை வெப்பம். வீட்டில் இருக்கும் எந்த வாட்டர் கூலரும் அறையைவிடக் குளிர்ச்சியாகத் தண்ணீரை வைத்திருக்க முடியாது. டிசம்பரில் 26, மே மாதத்தில் 37 என்றால் அந்தப் பதினொன்றும் அப்படியே புராசசரில் ஏறும். நான் ஒவ்வொரு சிஸ்டத்திலும் மூடியின் உட்பக்கம் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி, தேதி, அறை வெப்பம், பத்து நிமிடச் சோதனை வெப்பம் மூன்றையும் பேனாவால் எழுதிவிடுவேன். அடுத்த தடவை அந்த இரண்டு வெப்பங்களின் வித்தியாசத்தைத்தான் ஒப்பிட வேண்டும். வித்தியாசம் மாறவில்லை என்றால் வெயிலைத்தான் திட்ட வேண்டும்.

## சத்தம்

எது சத்தம் போடுகிறது என்பதை முதலில் பிரியுங்கள். மென்பொருளில் ஃபேன் வேகத்தை மட்டும் 30 சதவீதத்துக்கு இறக்குங்கள். சத்தம் மாறினால் ஃபேன், மாறாவிட்டால் பம்ப்.

ஃபேன் என்றால் இறக்கையில் ஏதாவது ஒயர் உரசும். இல்லையென்றால் பேரிங் தேய்ந்திருக்கும். ரேடியேட்டர் ஃபேன் பெரும்பாலும் வழக்கமான 120 அல்லது 140 மி.மீ. அளவுதான், தனியாக வாங்கி மாற்றலாம்.

பம்ப்பில் ஆன் செய்த சில நொடிகள் மட்டும் குளுகுளு என்றால் விட்டுவிடுங்கள். நிற்காமல் குளுகுளு என்றால் காற்று; மேலே சொன்ன மாதிரி சாய்த்துப் பாருங்கள். கீச்சென்ற மெல்லிய ஒலி, வோல்ட் குறைத்து ஓட்டுவதால் வரலாம். ஃபுல் ஸ்பீடு வைத்துப் பாருங்கள். கரகரவென்று அரைக்கிற சத்தம், சாய்த்தும் போகவில்லை என்றால் பேரிங் போகப்போகிறது. முழுசாக நிற்கும் வரை காத்திருக்காமல், சத்தத்தை போனில் வீடியோ எடுத்து வாரண்டிக்கு எழுதுங்கள்.

## திடீரென்று மொத்தமாக ஆஃப் ஆகிறது

சூடு காரணமென்றால் சிஸ்டம் எடுத்த எடுப்பில் சாகாது. முதலில் புராசசர் தன் வேகத்தைத் தானே குறைக்கும், எல்லாம் மாடு இழுக்கிற மாதிரி ஆகும், அப்புறம்தான் ஆஃப். திக்கல் ஏதும் இல்லாமல் விளக்கு அணைந்தது போல நின்றால் கூலரை விட்டுவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸையும் யுபிஎஸ்ஸையும் பாருங்கள்.

வெப்பம் 70தான், ஆனால் கேம் மட்டும் கிராஷ் ஆகிறது, புராசசர் இன்டெல் 13 அல்லது 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 என்றால் கூலரை மாற்றிக் காசைக் கரியாக்காதீர்கள். அந்த வரிசையில் வோல்ட் அளவுக்கு மேல் போகும் சிக்கல் இருந்ததை இன்டெலே ஒப்புக்கொண்டு, 2024இல் பயோஸ் வழியாகத் திருத்தம் கொடுத்தது, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. பயோஸை அப்டேட் செய்யுங்கள். அதன்பிறகும் கிராஷ் ஆனால் புராசசர் ஏற்கெனவே பழுதாகியிருக்கும், மாற்றித்தரக் கேளுங்கள்.

## ஈரம்

கேபினட்டுக்குள் ஈரம் தெரிந்தால் ஷட்டௌன் பட்டனைத் தேடாதீர்கள். சுவரில் சுவிட்சை அணைத்தாலும் போதாது. யுபிஎஸ் இருந்தால் அது பாட்டுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். கேபினட்டுக்குப் பின்னால் எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள சுவிட்சை அணைத்து, பவர் ஒயரைப் பிடுங்குங்கள்.

பிளாக்குக்கு நேர் கீழே இருப்பது கிராபிக்ஸ் கார்டு. பெரும்பாலான சிஸ்டத்தில் விலை அதிகமான பொருளும் அதுதான். முதலில் அதைக் கழற்றி வெளியே எடுங்கள். கூலரில் இருப்பது வெறும் தண்ணீர் இல்லை. கிளைக்கால் என்ற ரசாயனம் கலந்த திரவம், மின்சாரம் கடத்தும். குழந்தை, நாய், பூனை பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், சில கிளைக்கால் வகை நஞ்சு.

பிறகு, கசிவு உண்மையிலேயே கசிவுதானா என்று பாருங்கள். ஒரு வீட்டில் ராத்திரி பத்தரைக்குப் பதறி அழைத்தார்கள். போய்ப் பார்த்தால் ஏசியின் தண்ணீர்க் குழாய் அடைத்து, கேபினட் கூரையில் சொட்டிக்கொண்டிருந்தது. டிஷ்யூவில் ஒற்றிப் பாருங்கள்: வெறும் தண்ணீர் தடம் இல்லாமல் காயும், கிளைக்கால் கலந்தது விரலில் பிசுபிசுக்கும், சீக்கிரம் காயாது. குழாய் பிளாக்கிலும் ரேடியேட்டரிலும் சேரும் இடங்களில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் பல நாளாகக் கசிகிறது என்று பொருள்.

இது எந்தப் பெயர் பெற்ற கம்பெனிக்கும் வரலாம். 2022இல் ஆர்க்டிக் தன் லிக்விட் ஃப்ரீசர் 2 வரிசையில் சில கூலர்களின் கேஸ்கெட் (கசியாமல் அடைக்கும் ரப்பர்) நாளடைவில் கசியக்கூடும் என்று தானே அறிவித்து, மாற்றுவதற்கான கிட்டை இலவசமாகக் கொடுத்தது. உங்களுடையது பழைய சரக்கென்றால் மாடல் பெயரையும் வரிசை எண்ணையும் கம்பெனியின் தளத்தில் ஒரு தடவை தட்டிப் பாருங்கள்.

நனைந்த போர்டையும் கார்டையும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷ்ஷும் வைத்துத் துடைத்து, ஃபேன் காற்றில் இரண்டு நாள் காயவையுங்கள். அரிசி மூட்டை, ஹேர் டிரையர் எதுவும் வேண்டாம். "ஒரு தடவை போட்டுத்தான் பார்ப்போமே" என்ற ஆசையில்தான் கார்டுகள் போகின்றன. திரவம் கார்டு சொருகும் பிசிஐ ஸ்லாட்டுக்குள்ளோ புராசசர் சாக்கெட்டுக்குள்ளோ போயிருந்தால் நீங்கள் கை வைக்காமல் சிப் லெவல் வேலை செய்பவரிடம் கொடுங்கள். எஸ்எம்பிஎஸ் நனைந்திருந்தால் அதைத் திறக்கவே கூடாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும்.

## வாரண்டிக்கு அனுப்பும்போது

கழற்றுவதற்கு முன் இருக்கும் நிலையிலேயே எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுங்கள். கசிந்து மற்ற பாகம் கெட்டிருந்தால் அதற்கும் நஷ்ட ஈடு தரும் கம்பெனிகள் உண்டு, ஆனால் துடைத்துச் சுத்தமாக்கிய பிறகு கேட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. பிராக்கெட், ஸ்க்ரூ எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பச் சொன்னால் சேர்த்தே அனுப்புங்கள், ஒரு பட்டியல் எழுதி அதையும் போட்டோ எடுத்த பிறகு.

கூலர் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். புராசசர் பெட்டியோடு வந்த சின்ன ஃபேனைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால், பவர் லிமிட்டை 65 வாட்டுக்கு இறக்கி அதிலேயே வண்டியை ஓட்டலாம். ஃபேன் வராத மாடல் என்றால் ஒரு மலிவான ஏர் கூலரை வாங்கி அலமாரியில் போட்டு வையுங்கள். என்னிடம் இருக்கும் ஒன்று இதுவரை ஐந்து வீடு சுற்றி வந்துவிட்டது.